பிக்‌ஷனரி: பெட்டியில் பாதியை வீட்டில் விட்டுவிட்டு வகுப்புக்குப் போங்கள்

வீட்டில் நான்கைந்து பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்து விளையாட பிக்‌ஷனரி அருமையான விளையாட்டு. சீட்டில் இருக்கும் சொல்லை ஒருவர் பேசாமல் படமாக வரைய, அவர் அணி அது என்ன சொல் என்று கண்டுபிடிக்க வேண்டும். அதே பெட்டியை 36 பிள்ளைகள் இருக்கும் நான்காம் வகுப்புக்குக் கொண்டுபோய், உள்ளே அச்சிட்டிருக்கும் விதிப்படியே நடத்தினால் பத்து நிமிடம் தாங்காது. முன்வரிசையில் மூன்று பேர் எல்லாப் பதிலையும் சொல்லிவிடுவார்கள். பின்வரிசை ஜன்னல் பக்கம் திரும்பிவிடும். விளையாட்டைக் குறை சொல்லிப் பயனில்லை, அது வகுப்பறைக்காகச் செய்ததில்லை. கொஞ்சம் பிரித்து, கொஞ்சம் கழித்து, மறுபடி கோத்துக்கொண்டால் தொடக்கப் பள்ளியில் ஆங்கிலச் சொல் பழக்க நன்றாகவே ஆகும்.

பெட்டியில் இருப்பவை சொல் சீட்டுகள், ஒரு நிமிட மணல் கடிகாரம், பகடை, காய் நகர்த்தும் பலகை, எழுதி அழிக்கும் சின்னப் பலகைகள், மார்க்கர். இப்போது மேட்டல் என்ற பொம்மை நிறுவனம் விற்கும் பதிப்பில் பெரியவர்களுக்கு ஒரு கட்டு, சிறுவர்களுக்கு ஒரு கட்டு என்று சீட்டுகள் தனித்தனியாக வருகின்றன. சிறுவர் கட்டும் மணல் கடிகாரமும் போதும். பகடையும் காயும் வந்தால், சொல்லை மறந்துவிட்டு “எனக்கு ஆறு விழுந்துச்சு” என்று சண்டை தொடங்கும்.

சீட்டுகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்தால், அவற்றை ஏன் அப்படியே பயன்படுத்த முடியாது என்பது விளங்கும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் உணவகத்தில் பரிமாறும் வேலையில் இருந்த ராபர்ட் ஏஞ்சல், அகராதியைப் புரட்டி, வரைந்தால் சுவாரசியமாக இருக்கும் சொற்களைப் பொறுக்கி எடுத்து 1985இல் கொண்டுவந்த விளையாட்டு இது. ஆங்கிலத்திலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள்தான் அவர் மனதில் இருந்தார்கள். அவர்களுக்குச் சொல் தெரியும், படம்தான் புதிர். நம் பிள்ளைகளுக்கோ படம் பார்த்தவுடன் புரிந்துவிடும், சொல்தான் வாயில் வராது. இந்த ஒரு தலைகீழ் மாற்றத்தை மனதில் வைத்துக்கொண்டால், எந்த விதியை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடலாம் என்பது தானாகத் தெரியும்.

முதலில் ஒரு கணக்கு. 40 நிமிடப் பாடவேளையில் உட்கார வைத்து, சொல்லிக் கொடுக்க 5 நிமிடம் போனால் மிச்சம் 35. வரைய ஒரு நிமிடம், அடுத்தவர் எழுந்து வர அரை நிமிடம் என்று வைத்தால் 23 முறை ஆடலாம். 36 பேரில் 13 பேர் ஒரு தடவைகூட வரையாமல் வீட்டுக்குப் போவார்கள். வரைந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒரே சொல்.

இது வெறும் நியாயம் சார்ந்த குறையென்றால் விட்டுவிடலாம். ஆனால் சொல் மனதில் நிற்பது பெரும்பாலும் வரைகிற கைக்குத்தான். கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் வாம்ஸ், மீட், ஃபெர்னாண்டஸ் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் சில சொற்களைத் திரும்பத் திரும்ப எழுதினார்கள், சில சொற்களைப் படமாக வரைந்தார்கள். ஒரு சொல்லுக்கு 40 வினாடி. பிறகு நினைவிலிருந்து சொல்லச் சொன்னபோது வரைந்த சொற்களே மிகக் கூடுதலாக வந்தன. நேரத்தை 4 வினாடியாகக் குறைத்தும் அந்த நன்மை போகவில்லை. படம் அழகாக இருந்ததா என்பது பொருட்டாகவும் இல்லை. அவர்கள் கல்லூரி மாணவர்கள், சொற்களும் அவர்களுக்குத் தெரிந்த மொழியில் இருந்தவை. அதனால் இதை நான்காம் வகுப்புக்கு அப்படியே நீட்டக் கூடாதுதான். இருந்தாலும் பத்துத் தடவை இம்போசிஷன் எழுத வைப்பதைவிட ஒரு தடவை வரைய வைப்பது மேல் என்று நம்ப இது போதும்.

ஆக, எல்லோரும் வரைய வேண்டும். அதற்கான வழி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. “ஆல் ப்ளே” என்று ஒரு விதி: அந்தச் சீட்டு வந்தால் எல்லா அணியிலும் ஒரே நேரத்தில் ஒரே சொல்லை வரைவார்கள். அவர்கள் எப்போதாவது ஒரு முறை ஆடுவதை நாம் எப்போதும் ஆடினால் சரி. 36 பேரை நால்வர் நால்வராகப் பிரித்தால் 9 குழு. ஒவ்வொரு குழுவிலும் ஒன்று முதல் நான்கு வரை எண் கொடுத்துவிடுங்கள். “ஒன்றாம் எண் எல்லாம் வாங்க” என்றால் ஒன்பது பேர் வந்து சீட்டைப் பார்த்து, வாய் திறக்காமல் திரும்பிப் போய் வரைய வேண்டும். அடுத்த சுற்றில் இரண்டாம் எண். அதே 23 சுற்றில் இப்போது ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐந்து அல்லது ஆறு முறை வாய்ப்பு வருகிறது. எண் கொடுக்காமல் “யாராவது ஒருத்தர் வாங்க” என்றால் ஒவ்வொரு முறையும் அதே துடுக்கான ஒன்பது பேர்தான் வந்து நிற்பார்கள்.

இதில் ஒரு ஓட்டை உண்டு. ஒன்பது குழுவுக்கும் ஒரே சொல் என்பதால் ஒரு குழு “அம்ப்ரெல்லா!” என்று கத்தியதும் மற்ற எட்டு குழுவும் பேனாவைக் கீழே போட்டுவிடும். அதனால் பதிலைக் கத்தக் கூடாது, சிலேட்டில் எழுதித் தூக்கிக் காட்ட வேண்டும். சத்தம் பாதியாகக் குறையும், எழுத்துக்கூட்டலும் சேர்ந்து வரும். எழுத்தில் பிழை இருந்தால் ஒரு மதிப்பெண், பிழையில்லாமல் இருந்தால் இரண்டு. எழுதத் தடுமாறும் வகுப்பென்றால் குழுவுக்கு ஒரு கட்டு சீட்டு, எல்லாக் கட்டிலும் ஒரே பன்னிரண்டு சொல், ஆனால் ஒவ்வொரு கட்டையும் வேறு வரிசையில் கலைத்துக் கொடுங்கள். அப்போது பக்கத்துக் குழுவின் கத்தல் இந்தக் குழுவுக்கு உதவாது.

தமிழில் பதில் வந்தால் என்ன செய்வது? பலரும் “நோ தமிழ்” என்று பலகையில் எழுதிவிட்டுத் தொடங்குகிறார்கள். பிறகு ஆங்கிலச் சொல் தெரியாத பிள்ளை படத்தைப் புரிந்துகொண்டும் வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும். “குடை!” என்று ஒருவன் சொல்லிவிட்டான் என்றால் படத்தின் வேலை முடிந்தது. அங்கேயே வரைவதை நிறுத்தச் சொல்லுங்கள். மணல் இன்னும் ஓடிக்கொண்டிருக்கட்டும். மிச்ச நேரம் முழுக்க குழுவின் மற்ற மூவரும் குடைக்கு ஆங்கிலம் தேட வேண்டும். வரைந்தவள் முதல் எழுத்தை மட்டும் காட்டலாம். மூளை சொல்லைத் தேடித் துழாவுகிற அந்த இருபது வினாடிக்காகத்தான் இந்த விளையாட்டே. அதைத் தடை போட்டு இழக்கக் கூடாது.

பதில் ஒற்றைச் சொல்லாக நிற்கக் கூடாது என்பதையும் முதல் நாளிலேயே பழக்கிவிட வேண்டும். பெட்டி விதிக்கு “அம்ப்ரெல்லா” போதும். வகுப்புக்கு “இட்ஸ் அன் அம்ப்ரெல்லா” வேண்டும். “அ”வா “அன்”னா என்று இலக்கணமாகச் சொல்லிக் கொடுத்தால் நிற்காதது, இப்படி நாற்பது தடவை நாக்கில் ஓடினால் நின்றுவிடும். வினைச்சொல் சீட்டுக்கு “ஹி இஸ் ஸ்விம்மிங்” என்று முழு வாக்கியம்.

இனி சீட்டுகள். பெட்டிச் சீட்டில் ஒரே அட்டையில் பல சொற்கள், வரிக்கு வரி, சின்ன எழுத்தில் இருக்கும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை எந்த வரி தனக்கு என்று தேடுவதற்குள் கால் நிமிடம் போகும். தப்பான வரியை அது வரைந்துவிட, படத்துக்குச் சரியான பதிலைச் சொன்ன குழு மதிப்பெண் இல்லாமல் அழுவதும் நடக்கும். இதோடு பனிச்சறுக்கு வண்டி, பனிக்கையுறை போன்ற குளிர்நாட்டுப் பொருள்கள் வந்தால் கேட்கவே வேண்டாம்: கண்ணால் பார்க்காத ஒன்றை, பெயரும் தெரியாத மொழியில், ஒரு நிமிடத்தில் வரைய யாரால் முடியும்?

சொந்தமாகச் செய்துகொள்வதே நல்லது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை இதற்கென்றே அமைந்தது போலக் கெட்டியாக இருக்கும். ஓர் அட்டையில் நான்கு சீட்டு வெட்டலாம். சீட்டுக்கு ஒரே சொல், ஆங்கிலச் சிறிய எழுத்தில் (ஸ்மால் லெட்டர்), கறுப்பு ஸ்கெட்ச் பேனாவால் எழுதுங்கள். எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் (கேப்பிடல் லெட்டர்) எழுதாதீர்கள். புத்தகத்தில் பார்க்கும் வடிவமும் சீட்டில் பார்க்கும் வடிவமும் ஒன்றாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒரு ஓரத்தில் தமிழ்ப் பொருள். படிக்கத் தடுமாறினால் திருப்பிப் பார்க்கலாம், தண்டனை எதுவும் இல்லை. இது இல்லாவிட்டால், வாசிக்கத் தெரியாத பிள்ளை சீட்டை வாங்கிக்கொண்டு வட்டம் ஒன்று போட்டுவிட்டு விழித்துக்கொண்டிருக்கும். வகுப்பே பார்த்துக்கொண்டிருக்க அப்படி நிற்பது கொடுமை.

ஒரு பாடவேளைக்குப் பன்னிரண்டு சொல் போதும். ஆறு சொல் பிள்ளைகள் வாயில் ஏற்கெனவே புழங்குபவை: பஸ், சோப், பென்சில், ஃபேன், பிளேட், பால் (பந்து). பேச்சில் தெரிந்த இவற்றுக்கு எழுத்துக்கூட்டல்தான் புதிது. நான்கு சொல் இந்த வாரப் பாடத்தில் வந்தவை. இரண்டு சொல் இரண்டு மாதம் முந்தைய பாடத்திலிருந்து. ஒருபோதும் சொல்லிக் கொடுக்காத சொல்லைச் சீட்டில் வைக்காதீர்கள். இந்த விளையாட்டு புதுச் சொல் கற்றுத் தராது. கற்றதைத் தோண்டி எடுக்க வைக்கும், அவ்வளவுதான். பிக்‌ஷனரி ஆடினோம், பிள்ளைகள் ஒன்றும் கற்கவில்லை என்று புலம்புபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகிறார்கள்.

வரைய முடியாத சொல்லும் உண்டு. “அனிமல்” என்றால் நாய் வரைவார்கள், குழு “டாக்” என்று சொல்லும், வரைந்தவன் தலையை ஆட்டி ஆட்டிச் சோர்ந்துபோவான். நாய், பூனை, மாடு மூன்றையும் சின்னதாகப் போட்டுச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் “எல்லாம் சேர்த்து” என்று பொருள் என ஒரு குறி வைத்துக்கொள்ளுங்கள். “டால்” (உயரம்), “ஷார்ட்” (குட்டை) போன்றவற்றுக்கு இரண்டு பேரை வரைந்து ஒருவர்மேல் அம்புக்குறி. மேலே, கீழே, பின்னால் எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டியும் ஒரு பந்தும் போதும். “பிகாஸ்”, “ஆல்வேஸ்” போன்றவற்றை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம்.

வரையவும் மூன்று நிமிடப் பயிற்சி தேவை. வட்டம், கோடு, சதுரம், முக்கோணம் இவ்வளவுதான் என்று காட்டி, ஆசிரியர் வேண்டுமென்றே கோணலாக ஒரு மாட்டை வரைய வேண்டும். வகுப்பு சிரித்த பிறகுதான், எனக்கு வரைய வராது என்று பின்வாங்கும் பிள்ளை பென்சிலை எடுக்கும். வரையத் தெரிந்த பிள்ளைதான் இன்னும் பெரிய தலைவலி. யானை என்று சீட்டு வந்தால் காலில் நகம், கண்ணில் இமை என்று போட்டுக்கொண்டே இருப்பாள். மணல் தீர்ந்த பிறகும் தும்பிக்கை வந்திருக்காது. “எதைப் போட்டா உடனே கண்டுபிடிப்பாங்களோ அதை முதல்ல போடும்மா” என்று ஒரு தடவை சொன்னால் போதும், அடுத்த சுற்றில் தும்பிக்கை மட்டும் வரும்.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்றே வரும் ஒரு சிக்கலுக்கு எந்தப் பெட்டியிலும் விடை கிடையாது. ஆசிரியர் வரைய வந்த பிள்ளைகளின் காதில் “கோட்” என்று சொல்லி அனுப்புகிறார். ஒருத்தி தாடி வைத்த ஆட்டை வரைகிறாள். பக்கத்துக் குழுவில் நான்கு பொத்தான் வைத்த சட்டை வளர்ந்துகொண்டிருக்கிறது. இரண்டு குழுவும் “கோட்! கோட்!” என்று எழுந்து நிற்கின்றன, இரண்டுக்கும் தாங்கள் சொன்னதே சரி. இந்தப் பக்கத்திலேயே பாருங்கள், தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். கரடியும் பேரிக்காயும் “பேர்”. குப்பைத்தொட்டியும் குண்டூசியும் “பின்”. நம் எழுத்தில் வல்லின வேறுபாட்டுக்குத் தனி எழுத்து இல்லை. ஆனால் பிள்ளைகள் வாயில் வேறுபாடு இருக்கிறது: கோபால் என்ற பெயரில் வரும் “கோ” வேறு, கோவிலில் வரும் “கோ” வேறு என்று எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லிக் காட்டும். அதைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். ஒரு தாளை இரண்டாக மடித்து ஒரு பக்கம் ஆடு, ஒரு பக்கம் சட்டை வரையச் சொல்லுங்கள். பிறகு ஆசிரியர் ஒன்றைச் சொல்ல, பிள்ளைகள் சரியான படத்தைச் சுற்றி வட்டம் போட வேண்டும். அடுத்து ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் வட்டம் போடுவார்கள். யாருடைய “கோட்” எப்படிக் காதில் விழுகிறது என்பது அங்கே அம்பலமாகும். வாரத்துக்கு இரண்டு இணை, பத்து நிமிடம். இதற்கு மேல் வேண்டாம், சலித்துவிடும்.

எழுதுபொருள் விஷயத்தில் பெட்டியை நம்ப வேண்டாம். உடன் வரும் மார்க்கர் மெல்லியது, மூடியைச் சரியாக மூடாமல் ஒரு மதியம் விட்டாலே காய்ந்துவிடும். பளபளப்பான சின்னப் பலகையில் எழுதி உடனே அழித்தால் சுத்தமாகப் போகும், மறுநாள் வரை விட்டால் நிழல் படிந்து நிற்கும். யாராவது பெர்மனென்ட் மார்க்கரால் கிறுக்கிவிட்டால் அதன் மேலேயே ஒயிட்போர்டு மார்க்கரால் பூசி உடனே துடைத்தால் பெரும்பாலும் வந்துவிடும். ஒன்பது குழுவுக்கு இதெல்லாம் எதற்கு? சிலேட்டும் பல்பமும், துடைக்க ஈரத் துணியும் போதும். வகுப்பறைச் சுவரில் பிள்ளைகள் உயரத்துக்குக் கீழ்மட்டக் கரும்பலகை இருந்தால் இன்னும் வசதி, குழுவுக்கு ஒரு கட்டம் பிரித்துக் கொடுத்துவிடலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் தாளில் ஆட வையுங்கள். காரணம் கடைசியில்.

இதே இனத்தில் இன்னும் மூன்று பற்றிச் சொல்ல வேண்டும். பிக்‌ஷனரி ஏர் என்று 2019இல் மேட்டல் கொண்டுவந்தது. ஒளிப் பேனாவால் காற்றில் வரைய, போனிலோ டேப்லெட்டிலோ உள்ள செயலி அதைத் திரையில் காட்டும். வேடிக்கையாக இருக்கும். ஆனால் வரைபவருக்குத் தான் வரைந்தது தெரியாது. ஆங்கிலச் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த இரண்டாவது சுமை எதற்கு? வகுப்புக்கு வேண்டாம்.

டெலிஸ்ட்ரேஷன்ஸ் வேறு ரகம், ஐந்தாம் வகுப்புக்கு பிக்‌ஷனரியைவிட இதுதான் மேல் என்பேன். 2009இல் அமெரிக்காவில் வந்தது. ஆளுக்கு ஒரு குறிப்பேடு. முதலாமவர் சொல்லை எழுதி வரைந்து அடுத்தவரிடம் கொடுப்பார். அவர் படத்தை மட்டும் பார்த்துச் சொல்லை எழுதுவார். அதற்கடுத்தவர் அந்தச் சொல்லை மட்டும் பார்த்து வரைவார். கடைசியில் குறிப்பேடு கிளம்பிய இடத்துக்கே வரும்போது “கேட்” என்று போன பூனை “ரேபிட்” ஆகித் திரும்பியிருக்கும். எல்லோரும் ஒரே நேரத்தில் வேலை செய்கிறார்கள், சும்மா இருப்பவர் இல்லை, ஒவ்வொருவரும் வரையவும் எழுதவும் படிக்கவும் வேண்டும். பெட்டி எட்டு பேருக்குத்தான். வகுப்புக்குப் பெட்டி வாங்குவது வீண், ஆளுக்கு ஒரு கட்டுச் சின்னத் தாள் குத்திக் கொடுத்தால் அதே விளையாட்டு. குழுவில் ஆறு பேர் அல்லது எட்டு பேர் என்று இரட்டைப்படையாக இருந்தால் முதலாமவரே வரைந்து தொடங்கலாம். ஏழு பேர் என்றால் முதலாமவர் சொல்லை எழுதி வரையாமலேயே அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். இல்லாவிட்டால் கடைசித் தாளில் சொல்லுக்குப் பதில் படம் வந்து நிற்கும், ஆட்டம் அறுந்த மாதிரி இருக்கும். எழுத்துக்கூட்டல் தெரியாவிட்டால் காதில் விழுந்தபடி எழுதட்டும். அந்தப் பிழைகளே மறுநாள் பாடம்.

கணினி அறையும் இணையமும் இருக்கும் பள்ளிக்கு கூகுளின் குயிக் டிரா. 2016இல் வந்தது, இலவசம். ஒரு சொல் கொடுத்து 20 வினாடி தரும். வரைய வரைய இயந்திரம் தன் ஊகங்களை ஆங்கிலத்தில் உரக்கச் சொல்லிக்கொண்டே வரும். ஆறு படத்தோடு ஒரு சுற்று முடியும். அந்தக் குரலுக்காகவே இதைச் சொல்கிறேன். பிள்ளை ஒரு வட்டம் போடும்போதே பந்து, நிலா, ஆப்பிள் என்று அரை டஜன் சொல் சரியான உச்சரிப்பில் காதில் விழுகிறது. சொல்லின் பொருள் தெரியாவிட்டால் அது ஒன்றும் உதவாது, அதனால் இரண்டு பேராக உட்கார வையுங்கள். ஒலிபெருக்கி எல்லாக் கணினியிலும் திறந்திருந்தால் சந்தைக்கடை ஆகிவிடும். ஹெட்போன் இல்லையென்றால் ஒரே கணினி, ஒரே திரை, முறை வைத்து ஆடுவதே மேல்.

வாங்கலாமா என்று கேட்டால்: வீட்டுக்கு வாங்குங்கள், சிறுவர் சீட்டு இருக்கும் பதிப்பாகப் பார்த்து. பள்ளிக்கு ஒரு பெட்டிகூடத் தேவையில்லை. மணல் கடிகாரம் வேண்டுமானால் தனியாக வாங்கலாம், போனில் இருக்கும் டைமரும் ஆகும், ஆனால் மணல் இறங்குவதைப் பார்க்கும் பரபரப்பு அதில் வராது. மூன்றாம் வகுப்புக்கு முழு நிமிடம் கொடுங்கள், ஐந்தாம் வகுப்புக்கு 40 வினாடி போதும். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை ஊகிக்கும் போட்டிக்கு இழுக்க வேண்டாம். அவர்களுக்கு ஆசிரியர் சொல்லச் சொல்லக் கேட்டு வரைவதே சரியான அளவு.

வாரத்தில் ஒரு நாள் தாளில் ஆடச் சொன்னதும் அவர்களுக்காகத்தான். ஓர் ஏ4 தாளை நான்காகக் கிழித்துக் கொடுத்தால் ஒரு பாடவேளையில் நூறுக்கு மேல் படம் சேரும். பார்த்தவுடன் புரிகிறவற்றை மட்டும் பொறுக்கி, பின்னால் சொல்லை எழுதி, ரப்பர் பேண்டு போட்டு இரண்டாம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுங்கள். கடையில் விற்கும் படச் சீட்டு அளவுக்கு அழகாக இருக்காது. யானைக்குத் தும்பிக்கையும் நான்கு கோடும்தான் இருக்கும். “எலிஃபன்ட்” என்று சின்னதுகள் கத்த அது போதும்.